முதலில் அறிய வேண்டியவர் யார்?



சில மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துவிட்டுப் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடத்தில் ஒரு தம்பி வந்து நின்றான். கப்பலில் வேலை பார்க்கிற பிள்ளை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தான்.

“ஐயா, வெளிநாட்டுத் துறைமுகத்துல இதை இலவசமா குடுத்தாங்க. எச்.ஐ.வி. இருக்கா இல்லையான்னு வீட்லயே, நம்மளே பார்த்துக்கலாமாம். ஆறு மாசமா பெட்டியிலேயே கிடக்கு. பிரிக்கப் பயமா இருக்கு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இப்படி ஒளிஞ்சு பார்க்குறது பாவமா? பார்த்தா அவிசுவாசமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “ஜெபிப்போம் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நம்மில் அநேகர் அப்படித்தானே செய்கிறோம்! பதில் தெரியாத இடத்தில் ஜெபத்தைக் கதவாக வைத்துச் சாத்திவிடுகிறோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி என்னையே திருப்பிக் கேட்டது. அந்த இரவிலும் அதற்குப் பிறகும் எனக்குத் தெளிவானதைச் சபைக்கு எழுதுகிறேன்.

அது என்ன பெட்டி?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் ஒரு சிறு தட்டைக் குச்சியும், மருந்து நீர் உள்ள ஒரு சின்னக் குப்பியும் இருக்கும். குச்சியின் நுனியால் மேல் ஈறையும் கீழ் ஈறையும் ஒருதரம் தடவி, குப்பியில் நிறுத்தி வைக்கவேண்டும். இருபது நிமிஷம் கழித்து, நாற்பது நிமிஷத்துக்குள் பார்க்கவேண்டும். ஒரு கோடு வந்தால் தொற்றின் அடையாளம் தெரியவில்லை. ரெண்டு கோடு வந்தால், சந்தேகம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதி செய்யவேண்டும். கட்டாயம் வரவேண்டிய கோடே வராவிட்டால் சோதனையே செல்லாது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கிற வகையும் உண்டு.

“அப்படின்னா எச்சில்ல கிருமி இருக்கா?” என்று கேட்காதீர்கள். அந்தக் குச்சி தேடுவது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத்தான் அது தேடுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே டம்ளரில் குடிப்பதாலும், கட்டித் தழுவுவதாலும் எச்.ஐ.வி. பரவாது. இதை மனதில் வையுங்கள். டம்ளர் பேச்சு பின்னால் ஒருதரம் வரும்.

அமெரிக்காவில் 2012-ல் கடையில் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ள இதற்கு அனுமதி கிடைத்தது. 2016 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரை செய்தது. ஆப்பிரிக்காவில் மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய தேசங்களில் 2015 முதல் ஏழை ஜனங்களுக்கு இதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். ஏன் ஏழைகளுக்கு? நம்ம ஊரை வைத்தே யோசியுங்கள். கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ மீன் கூடை சுமக்கிற ஒரு அம்மா, ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வரிசையில் நிற்கிறவளை நாலு பேர் பார்ப்பார்கள்.

நம்ம காரைக்கால் எத்தனை பெரிய ஊர்? 2011 கணக்கெடுப்பில் ஜில்லா முழுவதற்கும் ஜனத்தொகை ரெண்டு லட்சம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. வடக்கே பூவத்தில் ஒருவன் தும்மினால் தெற்கே வாஞ்சூரில் இருக்கிறவனுக்குத் தெரியும். வாஞ்சூரைத் தாண்டி நாகப்பட்டினம் போய், முகம் தெரியாத இடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். அங்கே போனாலும் பஸ்ஸில் ஒரு சொந்தக்காரர் ஏறி, “என்னக்கா, இந்தப் பக்கம்?” என்று கேட்பார். கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற குச்சி இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

பார்ப்பது அவிசுவாசமா?

நான் பாரதியார் வீதியில் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்தவன். அளவு எடுப்பதனால் யாருடைய உடம்பும் பெருத்ததும் இல்லை, இளைத்ததும் இல்லை. டேப் உள்ளதைச் சொல்லும், அவ்வளவுதான். சோதனையும் அப்படித்தான். குச்சியைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் தொற்று போகாது, வெளியே எடுப்பதால் தொற்று வராது.

வேதத்தில் லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். தோலில் தடிப்பு உள்ளவனை ஆசாரியன் என்ன செய்கிறான் என்று நின்று வாசியுங்கள். பார்க்கிறான். சந்தேகமாயிருந்தால் தீர்ப்புச் சொல்லாமல் ஏழு நாள் வைத்துப் பார்க்கிறான். மறுபடி ஏழு நாள். அவசரமே இல்லை. இன்றைய டாக்டர்களும் அதையே செய்கிறார்கள். தொற்றின மூன்று மாதம் வரைக்கும் இந்தக் குச்சியில் தெரியாமலே போகலாம். ஆகவே ஒரு கோடு வந்தாலும், சமீபத்தில் ஆபத்து இருந்திருந்தால் மறுபடி பார்க்கவேண்டும். ரெண்டு கோடு வந்தாலும் அதுவே தீர்ப்பு அல்ல. நம் தேசத்தில் அரசு மையத்தில் வேறு வேறு விதமான மூன்று சோதனை செய்த பிறகே ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று உறுதியாகச் சொல்லுகிறார்கள். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இந்தக் குச்சி வேண்டவே வேண்டாம். மருந்தினால் கோடு வராமல் போய், “சுகமாயிட்டேன்” என்று ஏமாந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜெபத்தில் சுகமானேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதங்களிலே எலும்பும் தோலுமாகப் போனவர்களின் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன். இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கின பிறகும் அவனை ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கச் சொன்னார். சுகம் மெய்யானால் அது சோதனைக்குப் பயப்படாது. சோதனைக்குப் பயப்படுகிறது நம்முடைய பெருமைதான்.

இன்று இந்த வியாதியோடு வாழலாம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தாம்பரம் ஆஸ்பத்திரியில்தான் அது ஆரம்பமாயிற்று. 2017 முதல், உடம்பு இளைக்கும்வரை காத்திராமல், உறுதியானவுடனே எல்லாருக்கும் மருந்து என்று விதி வந்துவிட்டது. தினமும் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டால், கணவன் மனைவி உறவில் மற்றவருக்கு அது தொற்றுவதில்லை. தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும். காலத்தில் மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவும் பார்த்தவர்களுக்குத்தான் கிடைக்கும். பார்க்காதவர்களுக்கு இல்லை.

ஆகவே தம்பியின் ரெண்டாம் கேள்விக்குப் பதில் சுலபம். பார்ப்பது அவிசுவாசம் அல்ல. முதல் கேள்விதான் கடினம். ஒளிந்து பார்ப்பது சரியா?

யாருக்கு முதலில் தெரிந்தது?

நம் தேசத்தில் இந்த வியாதி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமோன் அம்மையாரின் வழிநடத்துதலில் நிர்மலா என்ற மாணவி, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடத்தில் இரத்தம் எடுத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேருக்கு இருந்தது. அது தேசத்தையே எழுப்பின வேலை. சாலமோன் அம்மையார் 2015-ல் மரிக்கும்வரை இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தச் செய்தி டாக்டருக்குத் தெரிந்தது, சர்க்காருக்குத் தெரிந்தது, பத்திரிகைக்குத் தெரிந்தது. அந்த ஆறு பெண்களின் மனசு என்ன பாடுபட்டது என்று அப்போது யார் கேட்டார்கள்?

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றின இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ஊரெல்லாம் அந்த அம்மாவுக்காக அழுதது. அழவேண்டியதுதான். 2019 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு நடந்த சோதனையில் தெரியவந்தது. ஸ்தோத்திரம்!

ஆனால் இரத்தம் கொடுத்த பையனை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பத்தொன்பது வயது. உறவுக்காரருக்கு உதவப்போய் இரத்தம் கொடுத்தவன். 2016-லேயே ஒரு முகாமில் அவன் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தது. தாளில் ஏறிற்று, ஆனால் அந்தச் செய்தி அவனுக்குப் போய்ச் சேரவில்லை. ரெண்டு வருஷம் கழித்து, வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில்தான் அவனுக்கே தெரியவந்தது. தெரிந்தவுடன் அவன் என்ன செய்தான்? ஒளிந்துகொள்ளவில்லை. “நான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்” என்று தானாகவே தகவல் சொன்னான். அதற்குள் ஏற்றியாயிற்று. அந்த மாதமே அவன் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30-ஆம் தேதி இறந்துபோனான்.

பிரியமானவர்களே, இந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை. செய்யவேண்டிய நீதியை அவன் செய்தான். பெரிய படிப்பும் பதவியும் உள்ளவர்கள்கூட மறைக்கிற காரியத்தை அவன் வெளியே சொன்னான். சொன்ன பிறகு அவனைத் தாங்க ஒரு கை இல்லை. அவனுடைய சொந்த இரத்தத்தைப் பற்றின செய்தி, அவனுக்கு முன்பாக ஒரு பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்தது அவனுக்குத்தான்.

ஒரு மனுஷனுடைய சரீரத்தின் செய்தியை முதலில் அறிய வேண்டியவர் யார்? அந்த மனுஷன்தான். ஆஸ்பத்திரி அல்ல, சம்பந்தி வீடு அல்ல, சபை அல்ல. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுகிற சோதனையில் நான் காண்கிற முதல் நன்மை இதுதான். ஆறு பெண்களுக்கும் அந்தப் பையனுக்கும் கிடைக்காத ஒன்றை அது கொடுக்கிறது.

என் குற்றம்

இப்போது எழுதக் கை நடுங்குகிற ஒரு காரியத்துக்கு வருகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. இலவச மருந்து வருவதற்கு முந்தின காலம். புருஷனை இழந்த ஒரு சகோதரி, ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். புருஷன் செத்த வியாதி தனக்கும் இருக்கிறது என்றாள். “அண்ணே, உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் சொல்றேன்” என்றாள். நாங்கள் கைவைத்து ஜெபித்தோம். அழுதோம். எல்லாம் மெய்யான அழுகைதான்.

அடுத்த வெள்ளி உபவாச ஜெபத்தில், பாரம் தாங்காமல், ஜெபக்குறிப்பு கொடுத்தேன். பேர் சொல்லவில்லை. “நம்ம சபையில புருஷனை இழந்த ஒரு சகோதரி, ரெண்டு சின்னப் பிள்ளைகள், கொடிய வியாதி, வெளியே சொல்ல முடியாத வியாதி” என்றேன். பேர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் சிறு சபையில் புருஷனை இழந்து, ரெண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிறு அவள் கொண்டுவந்த சுண்டல் தூக்குவாளி திறந்தபடியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாய்மார் இழுத்துத் தங்கள் பக்கம் உட்காரவைத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து வந்தது. அந்நாளில் எங்களுக்கு ஒரே பாத்திரம். ஒருவர் என் காதில், “அந்தம்மாவுக்குத் தனி டம்ளர் வச்சிடலாமா ஐயா?” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிப்போம் என்றேன். அவள் காதிலும் அது விழுந்திருக்கவேண்டும். எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும் முன்னே வெளியே போனாள். மறுபடி வரவில்லை. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்து ஊரைவிட்டே போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மருந்து எடுத்துக்கொண்டு உயிரோடு, நல்ல தெம்பாக இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். “உங்க மேல கோவமில்லண்ணே. சொன்னது என் தப்பு” என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். “சொன்னது என் தப்பு” என்றாளே, அதை இன்றுவரை தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்வது தப்பு என்று ஒரு ஆத்துமாவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

யோசேப்பு என்ற மனுஷன், மரியாளைப் பற்றித் தான் தவறாக எண்ணியிருந்த நேரத்திலும், அவளை ஊர் முன்னால் நிறுத்த மனமில்லாதவனாயிருந்தான். வேதம் அவனை நீதிமான் என்கிறது. பிறருடைய இரகசியத்தைக் காப்பதும் நீதியின் ஒரு பங்கு என்று நான் அறிந்திருந்தால்! ஜெபக்குறிப்பு என்ற பேரில் நாம் எத்தனை பேரை ஊர் முன்னால் நிறுத்தியிருக்கிறோம்! அந்தத் தம்பி ஆறு மாதம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் குச்சி அல்ல, கோடும் அல்ல. நான்தான். நாம்தான்.

ஒளிப்பதற்கு எல்லை உண்டு

அப்படியானால் முடிவை யாரிடத்திலும் சொல்லவே வேண்டாமா? இல்லை. இங்கே ஒரு எல்லை இருக்கிறது. இதை நாம் குழப்பக்கூடாது.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்ற சகோதரியின் சரித்திரத்தை அநேகர் அறிவீர்கள். 1995-ல் இளம் வயதில் கலியாணம் ஆனது. தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தே கணவர் மறைத்துவிட்டார் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கலியாணத்தினாலேயே அவருக்கும் வந்தது. அவர் ஒளிந்துகொள்ளாமல் முகத்தைக் காட்டிப் பேசினார். 1998-ல் தொற்றோடு வாழும் பெண்களுக்காக ஒரு சங்கத்தையே சென்னையில் தொடங்கினார். அவருடைய கண்ணீருக்கு நாம் கொடுக்கும் பதில் என்ன? ஊருக்கு மறைப்பது வேறு, கட்டின மனைவிக்கு மறைப்பது வேறு. முன்னது காவல். பின்னது களவு. அவளுடைய ஜீவனையே திருடுகிற களவு.

இதைப் பற்றி நியாயஸ்தலமும் தலையைப் பிய்த்துக்கொண்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் 1995-ல் ஒருவருக்குத் தொற்று தெரியவந்து, அது வெளியே போய், நிச்சயித்த கலியாணம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1998-ல் சுப்ரீம் கோர்ட், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் உயிர் அவருடைய இரகசியத்தைவிடப் பெரியது என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு நிற்காமல், இந்த வியாதி உள்ளவருக்குக் கலியாண உரிமையே இல்லை என்கிற மாதிரியும் சொல்லிவிட்டது. 2002-ல் அந்தப் பகுதியை அது தேவையில்லாதது என்று அதே கோர்ட் விலக்கியது.

2017-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டமே கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அது அமலில் இருக்கிறது. சம்மதமில்லாமல் ஒருவரைச் சோதிக்கக்கூடாது, அவருடைய நிலையை வெளியிடக்கூடாது, இதைக் காரணமாக வைத்து வேலை, பள்ளி, வாடகை வீடு எதையும் மறுக்கக்கூடாது என்பது சட்டம். அதே சட்டம், வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து உண்டென்றால், முதலில் அவரையே சொல்லும்படி ஆலோசனை கொடுத்து, அதன் பின் டாக்டரோ ஆலோசகரோ துணைக்குச் சொல்லலாம் என்கிறது. ஆனால் சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் இருந்தால், முக்கியமாகப் பெண்கள் காரியத்தில், சொல்லக்கூடாது என்றும் இருக்கிறது. சட்டத்துக்குள்ளே இத்தனை இரக்கம் இருக்கும்போது, நமக்குள் எத்தனை இருக்கவேண்டும்!

கென்யா தேசத்தில் கிசுமு என்ற ஊரில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளில், தாய்மார் கையில் இந்தச் சோதனைப் பெட்டியைக் கொடுத்து, “வீட்டுக்காரரோடு சேர்ந்து பாருங்கள்” என்று அனுப்பினார்கள். 2016-ல் வெளிவந்த கணக்கின்படி, ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிச் சீட்டுக் கொடுத்த வீடுகளில் பாதிப் புருஷர்தான் சோதித்துக்கொண்டார்கள். பெட்டியைக் கொண்டுபோன வீடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் சோதித்துக்கொண்டார்கள். நம்ம ஊர் ஆம்பிளைகளையும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார்கள். வீட்டுக்குள் மனைவி கேட்டால் ஒருவேளை செய்வார்கள்.

ஆனாலும் இதில் ஒரு கண்ணி உண்டு. டாக்டர் இல்லாத இடத்தில் சம்மதம் கேட்கிறவரும் இல்லை. மாமியார் மருமகள் வாயில் குச்சியைத் திணிக்கலாம். முதலாளி வேலைக்காரனைக் கட்டாயப்படுத்தலாம். புருஷன் தான் பார்க்காமல் மனைவியை மட்டும் பார்க்கச் சொல்லலாம். தன்னைத்தான் சோதிக்கக் கொடுத்த கருவியைப் பிறனைச் சோதிக்க எடுத்தால், அது ஆயுதமாகிவிடும்.

சில இடங்களில் கலியாணத்துக்கு முன் சர்ட்டிபிகேட் கேட்கிற வழக்கம் உண்டு. நம்ம சபையிலும் அப்படி வைக்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. என் எளிய எண்ணம் இது: தாளைப் போதகர் மேஜைக்குக் கொண்டுவரவேண்டாம். நிச்சயமான ரெண்டு பேரும் தங்கள் சொந்த மனதோடு சேர்ந்து போய்ப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லட்டும். அதற்குமேல் அது அவர்களுடைய காரியம். ஒரு நாளில் இல்லை என்று வருகிற தாள், மறுநாள் முதல் உண்மையாயிருப்பான் என்பதற்கு ஜாமீன் ஆகாது. 2000-களின் ஆரம்பத்தில் சுவரெல்லாம், டி.வி. எல்லாம் புள்ளிராஜா விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புள்ளிராஜாவுக்கு வருமா என்று ஊரே கேட்டது. எனக்கு வந்திருக்குமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அடுத்தவனுடைய சர்ட்டிபிகேட் கேட்கிறதும் அதே புத்திதான்.

தம்பிக்கு நான் சொன்னது

மறு வாரம் அந்தத் தம்பியைத் தனியே கூப்பிட்டேன். “ஒளிஞ்சு பார்க்குறது பாவமில்லப்பா. தனியா பார்க்கலாம். ஆனா பார்த்த பிறகு தனியா இருக்காதே. ராத்திரி பார்க்காதே, பகல்ல பாரு. ஆஸ்பத்திரி திறந்திருக்குற நாளா பார்த்துப் பாரு. ரெண்டு கோடு வந்தா அது முடிவில்ல, ஆரம்பம். ஒரு கோடு வந்தா அது ஊர் சுத்துறதுக்கு லைசென்ஸ் இல்ல” என்றேன்.

“நீங்க கூட இருப்பீங்களா ஐயா?” என்றான்.

“உள்ளே வரமாட்டேன். திண்ணையில உட்கார்ந்திருக்கேன்.”

அப்படியே உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. இருபது நிமிஷம். வாழ்நாளில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷத்தை நான் அறியேன். என் பழைய சபாவமாயிருந்தால் உரத்த சத்தமாய் ஜெபித்திருப்பேன், பக்கத்து வீடெல்லாம் கேட்டிருக்கும். அன்று வாய் திறக்கவில்லை. யோபுவின் சிநேகிதர் செய்த நல்ல காரியம், ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெடுத்தார்கள். அதை நினைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்தச் சகோதரியையும் நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்.

சபையாரே, என்ன சொன்னான் என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

யார் அவன் என்றும் தேடாதீர்கள். கப்பல் வேலை என்று எழுதினேன், அது கப்பல் வேலையாக இல்லாமலும் இருக்கலாம். தம்பி என்று எழுதினேன், அது தங்கையாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை என்று எழுதினதும் அப்படியே. இந்தமுறை ஒரே ஒரு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி நான் எழுதவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், சம்பந்தப்பட்டவரே வாசித்து, “போடுங்க ஐயா” என்று சொன்ன பிறகுதான் கொடுத்தேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

பயத்தில் இருக்கிறவர்கள் யாராயிருந்தாலும் கேளுங்கள். காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் ஆலோசனையும் சோதனையும் இலவசம். வெளியே சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்பது சட்டம். பக்கத்துத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர். 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து, பேர் சொல்லாமலே கேட்கலாம். மனம் உடைந்து, உயிரே வேண்டாம் என்று தோன்றுகிற வேளையில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். தமிழில் பேசுவார்கள். அதற்கும் முன்னே, பக்கத்தில் இருக்கிற ஒருவரை எழுப்புங்கள். நடு ராத்திரியானாலும் எழுப்புங்கள்.

மற்ற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. சோதனை தனி அறையில் நடக்கட்டும். நாம் திண்ணையில் உட்காரக் கற்றுக்கொள்வோம். கேட்காமல், பேசாமல், போகாமல் உட்காருவோம். கதவைத் திறந்து வருகிறவர், “சொன்னது என் தப்பு” என்று இனி ஒருபோதும் சொல்லாதபடி நம்முடைய வாயையும் டம்ளரையும் கர்த்தர் சுத்திகரிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன், சபை மூப்பன், காரைக்கால்.